ஏழு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம்

ஈஞ்சங்காட்டு மூன்றாவது வீதியில் பிறக்கிற பிள்ளைகள் அழுது பால் கேட்பதில்லை, உதட்டைக் குவித்துக் காட்டித்தான் கேட்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு, அந்தக் கேலியில் பாதி நிசம். வீட்டுக்கு ஆறு தறி எட்டுத் தறி என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூற்றுப் பதினான்கு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருக்கிற வீதியில், அந்தத் தடதடப்புக்குள்ளேயே பெண் பார்த்து, அதற்குள்ளேயே சண்டை போட்டு, அதற்குள்ளேயே ராசியாகி, அதற்குள்ளேயே செத்தும் போகிற சனங்கள், தொண்டையை வீணாக்குவதை எந்தக் காலத்திலேயோ விட்டுவிட்டார்கள். உதடு அசைந்தால் போதும், எதிரில் நிற்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். மூன்றாவது தறியில் நிற்கிறவள் பதினோராவது தறியில் நிற்கிறவளிடம் "உங்கூட்ல என்ன கொழம்பு?" என்பாள், அவள் "கத்திரிக்கா" என்பாள், நடுவில் ஒரு சின்னச் சத்தம்கூட இருக்காது. கோழியை விரட்டவும் வெளியூர் ஒறம்பறையை வாங்க வாங்க என்று கூப்பிடவும் மட்டும்தான் குரலை வைத்திருந்தார்கள், விசேசத்துக்கு எடுக்கிற பட்டுச்சேலை மாதிரி.

மேனகா அந்த வீதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருசம். வந்த புதிதில் தொண்டை கட்டக் கத்திப் பார்த்தாள், ஒரு மாசத்தில் கத்துவதை விட்டாள், மூன்றாம் மாசம் அவள் உதட்டையே வீதி வேடிக்கை பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டாள், சிரிப்பும் நக்கலுமாக அத்தனை வேகம் அந்த உதட்டுக்கு. அர்த்தநாரி அண்ணனின் பட்டறையில் நாலு தறி பார்த்தாள், நாலு வயசு மகள் இனியாவைப் பார்த்தாள், மாமியார் பாப்பாயியின் முழங்கால் வலியைப் பார்த்தாள். புருசனைப் பார்ப்பதுதான் அவளுக்கு வாய்க்கவில்லை.

புருசன் நல்லசிவம் போர்வெல் ரிக்கு வண்டியில் வேலை செய்தான். வடக்கே சத்தீஸ்கர் பக்கம் காட்டிலும் மேட்டிலும் பூமியைத் துளைத்துத் துளைத்துத் தண்ணீர் தேடுகிற வேலை. வருசத்துக்கு ஒரு தடவை நோம்பிக்குப் பன்னிரண்டு நாள் வருவான், அதில் பாதியைத் தூங்கித் தீர்ப்பான், மீதியில் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து மேய்வான், போய்விடுவான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன். அந்தப் பக்கம் ரிக்கும் கம்ப்ரஸரும் அலற, இந்தப் பக்கம் நூற்றுப் பதினான்கு தறியும் அலற, நடுவில் இவர்கள் இரண்டு பேரும் "சோறுண்டாச்சா?" "ஆங்?" "சோறு! சோறு!" "ஆமா, சோறு!" என்று கத்திக் கத்தி ஏழு வருசக் குடித்தனத்தை நடத்திவிட்டார்கள். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனபோது வாங்கின, காதில் மாட்டிப் போன் பேசுகிற ஒரு சோடி பட்ஸ் மேனகாவிடம் இருந்தது. வலது காதுக்கானதை இனியா புளிக்குழம்பில் போட்டு ஆட்டிவிட்டாள், அன்றோடு அது ஊமை. இடது காதுக்கானது பேசும், ஆனால் பேசுவது புருசனா கம்ப்ரஸரா என்று அவள்தான் பிரித்தெடுக்க வேண்டும், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அந்த இரைச்சலுக்கு நடுவில் நல்லசிவம் கத்தினான்.

"ஓனரு ரெண்டு வண்டிய ஆப்பிரிக்காவுக்கு ஏத்தறாரு புள்ள! ரெண்டு வருசம்! நடுவுல வர முடியாது! என்னையும் கூப்படறாங்க! நீ என்ன சொல்ற?"

போவாதீங்க மாமா என்று மேனகா சொன்னாள்.

"ஆங்? ஒண்ணுங் கேக்கல!"

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அவனுக்குக் கேட்கவில்லை. நாலு சாயங்காலம் இதே கதை. அவன் கேட்பதும், அவள் சொல்வதும், "கேக்கல புள்ள, நாளைக்குச் சொல்லு" என்று அவன் வைத்துவிடுவதும். குழம்பில் தப்பின அந்த ஒற்றை பட்ஸின் மேல்தான் குற்றம் என்று அவள் முடிவு கட்டினாள், அவனும் அப்படியே முடிவு கட்டி, சத்தீஸ்கரில் உட்கார்ந்துகொண்டே போனில் தட்டிப் புதுசு ஒன்று வாங்கி அனுப்பினான். சுத்துப்பட்டு இரைச்சலையெல்லாம் விழுங்கிவிடும், பேச்சு மட்டும் தேனாய் வரும் என்று போட்டிருந்ததாம். "மாட்டிப் பாரு புள்ள, சவுண்டு நல்லா இருந்தா வெச்சுக்கலாம், இல்லைன்னா ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம். அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ளதான் நானும் பேர் குடுக்கறதா வேண்டாமான்னு சொல்லோணும்." இதைச் சொல்லி முடிக்க அவன் ஆறு தடவை கத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டி வந்தது. கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஒரு டப்பா, அதற்குள் இரண்டு வெள்ளைப் பட்ஸ், முளைகட்டின பயறு மாதிரி. சாயங்காலம் ஆறு மணிக்கு, பட்டறையில் தன் நாலு தறிக்கு நடுவில் நின்றபடியே மேனகா அதைக் காதில் வைத்தாள்.

வீதியில் சத்தம் நின்றுபோனது.

அவள் காதில் மட்டும் நின்றிருந்தால் பெட்டிக்காரன் சொன்னது சரி என்று விட்டுவிடலாம். நின்றது வீதிக்கே. ஊடை நூலைக் கொண்டோடுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது, பலகை அடித்துக்கொண்டிருந்தது, மோட்டார் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது, நூற்றுப் பதினான்கு தறியும் தண்ணீருக்கு அடியில் ஓடுகிற மாதிரி ஓசையே இல்லாமல் லுங்கி நெய்துகொண்டிருந்தன. டீக்கடையில் பால் பொங்குகிற சத்தம் வீதி முழுக்கக் கேட்டது. ஏழு வருசத்தில் முதல் தடவையாக, தறி ஓடும்போதே பக்கத்துத் தறி சிந்தாமணி அக்காவின் வளையல் கிலுங்குவதை மேனகா கேட்டாள்.

"மாமா! கேக்குதுங்களா!" என்று பழக்கத்தில் கத்தினாள். வீதிக் கோடியில் நாய் எழுந்து நின்றது.

"கத்தாத புள்ள, பக்கத்துல நின்னு பேசறாப்ல இருக்குது" என்றான் நல்லசிவம். "ஏம்புள்ள, இங்க ரிக்கு ஓடிட்டேதான் இருக்குது, சத்தத்தக் காணோம். ஆளுங்கல்லாம் என்ற மூஞ்சியவே பாக்கறானுக."

"இங்கயும் அப்படித்தானுங்க. தறி ஓடுது, சத்தத்தக் காணோம்."

"அப்ப சவுண்டு நல்லாத்தான் இருக்குது."

"நல்லாத்தானுங்க இருக்குது."

அதற்கப்புறம் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கத்துவதற்கு ஒன்றும் இல்லாதபோது அவர்களுக்குப் பேசவும் ஒன்றும் இல்லை. அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது, எச்சில் முழுங்குவது கேட்டது, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சளி நெஞ்சில் கரகரப்பது கேட்டது. இத்தனை நாளும் அவளுடைய புருசன் கத்துகிற ஆள். இது யாரோ மெதுவாகப் பேசுகிற, கொஞ்சம் வயசாகிப்போன ஆள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நின்ற மாதிரி அவள் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செரி, அந்த விசயம் என்ன சொல்ற?" என்றான்.

சொன்னாள். அவன் காத்திருந்தான். இன்னொரு தடவை சொன்னாள். அவன் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"செரி" என்றான் கடைசியில், சின்னக் குரலில். "யோசிச்சு வெய்யி. நாளைக்குப் பேசலாம்."

அவன் வைத்ததும் அவள் பட்ஸைக் கழற்றினாள், தறிகள் தடதடவென்று கொட்டித் தீர்த்தன.

அந்த வீதி ஒன்றுக்கும் அசருகிற வீதி இல்லை. மழை பெய்தால் நூல் மூட்டையை உள்ளே இழுப்பார்கள், கரண்ட் போனால் குளிக்கப் போவார்கள், சத்தம் போனால் அதற்கும் ஒரு வேலை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பிள்ளை பெற்றவள் ஒருத்தி வந்து, "கொழந்த தூங்கற நேரத்துக்கு ஒரு அரை மணி காதுல மாட்டிக்க கண்ணு" என்று கேட்டுப் போனாள். பரிச்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, பூசை நேரத்துக்கு மாட்டச் சொல்லி, அன்றைக்குத்தான் கோயில் மணி விரிசல் விட்டிருப்பதைத் தெரிந்துகொண்டார், எத்தனை வருசமாய் விரிசலோ. தறி ஓட்டும்போது தன் புருசன் பாட்டை முனகிக்கொண்டிருக்கிறான் என்று கண்டுபிடித்த ஒருத்தி, அதுவும் ராகமே இல்லாமல் முனகுகிறான் என்று ஊரெல்லாம் உதட்டால் சொல்லிச் சிரித்தாள். அத்தனை அமைதியிலும் அவர்கள் உதட்டால்தான் பேசினார்கள். பழக்கம் அப்படி. அதனால் மேனகா பட்ஸை மாட்டுகிற நேரத்தில் அந்த வீதி, சனம் நடமாடுகிற, கை ஆட்டுகிற, சிரிக்கிற, ஆனால் ஒரு சத்தமும் இல்லாத வீதியாக, கனவில் வருகிற கடைத்தெரு மாதிரி இருந்தது.

பழசு நல்லதா புதுசு நல்லதா என்பதிலும் ஆளுக்கு ஒரு கட்சி. இரண்டையும் வாங்கி, நூல் தரம் பார்க்கிற மாதிரி விரலில் உருட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மற்றவர்கள் காதில் புதுசை மாட்டினால் சாதாரண பட்ஸாகத்தான் இருந்தது, மேனகா மாட்டினால்தான் வீதி அடங்கியது, அதையும் யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பழசுல பேஸு தூக்கல்" என்றாள் சிந்தாமணி அக்கா, செல்போன் கடையில் கேட்ட வார்த்தையை வைத்துக்கொண்டு.

"அது பேஸு இல்லக்கா, கம்ப்ரஸரு" என்றாள் மேனகா.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று சாயங்காலமும் போன் வந்தது. அவன் கேட்டான், அவள் சொன்னாள், அவன் மூச்சு போய் வந்தது, "செரி, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்தான். பழசில் என்றால் கேக்கல கேக்கல என்று கத்துவான், அதில் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது கேக்கல என்று அவன் சொல்வதே இல்லை.

ஒருவேளை மற்ற பேச்செல்லாம் போய், இந்த ஒரு பேச்சு மட்டும் போகாமல் நிற்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். வியாழக்கிழமை சிந்தாமணி அக்காவை ரெண்டாவது வீதிக்குப் போய் நின்று போன் போடச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாள். ஒன்று முதல் இருபது வரைக்கும் எண்ணினாள், கத்திரிக்காய் வெண்டைக்காய் சுரைக்காய் என்றாள், அர்த்தநாரி அண்ணனின் வழுக்கையைப் பற்றி ஒரு வரி சொன்னாள்.

"எல்லாந் தெளிவாக் கேட்டுச்சு" என்றாள் சிந்தாமணி அக்கா திரும்பி வந்து. "வழுக்கை ரொம்பத் தெளிவு."

அப்படியென்றால் பட்ஸில் குற்றமில்லை. எல்லாம் போய்ச் சேர்கிறது, அதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் சும்மா இருக்கிறார். இந்தக் கணக்கு மனசில் விழுந்த அன்றைக்கு மேனகா சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டாள். இனியா வந்து ஊதிவிட்டது. எரிகிறதா என்று கேட்டது. இல்லை என்றாள். நல்லது கெட்டது எதுவானாலும் இரைச்சல் மறைத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவளுக்கு ஒரு புருசன் இருந்தான், தெளிவாகக் கேட்கத் தொடங்கினதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சுதான் மிச்சம் இருந்தது.

இதற்குள் வீதிக்கும் பட்ஸ் கசந்துவிட்டது. தறிக்காரர்கள் துணியைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் பார்ப்பார்கள், ஊடை தீர்ந்தால் ஒரு சத்தம், பாவில் இழை அறுந்தால் ஒரு சத்தம், நாடா தடம் மாறினால் ஒரு சத்தம். பேச்சைக் கண்ணால் கேட்டு, துணியைக் காதால் பார்த்துப் பழகின சனம் அது. சத்தம் நின்ற நேரமெல்லாம் இழை அறுந்தது தெரியாமல் தறி பாட்டுக்கு ஓடி, லுங்கிகளில் முழ நீளத்துக்குச் சல்லடை விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை அர்த்தநாரி அண்ணன் ஒரு லுங்கியை விரித்து, அந்த ஓட்டை வழியாக மேனகாவைப் பார்த்தார்.

"அம்மிணி, இத யாரு கட்டுவாங்க?"

"காத்தாடற எடத்துல கட்டலாமுங்ணா" என்றாள்.

சிரித்துவிட்டார், சிரித்ததில் அவருக்கே கோபம் வந்தது. "நக்கல் இருக்கட்டும். திருப்பி அனுப்பிப் போடு. இல்லைன்னா தறிக்கு வேற ஆளப் பாக்கறேன்."

மாமியார் பாப்பாயியும் அதையே சொன்னாள். "பழசே போதுமே அம்மிணி. இத நீ மாட்டுனா எனக்கு என்ற முட்டி நொடிக்கறது கேக்குது."

மேனகாவுக்கும் மறுப்பில்லை. தெளிவாகக் கேட்டு என்ன செய்ய? அன்றைக்கே போனில் தட்டித் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் நல்லசிவம் அந்த விசயத்தைக் கேட்கவே இல்லை. இனியாவின் கொலுசைப் பற்றிக் கேட்டான், சீக்கிரம் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கொரியர்காரர் வந்தார். சேலத்துப் பக்கத்து ஆள், ஐம்பது வயசிருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பட்டறை வாசலில் நின்று, "மேடம்! ரிட்டனு!" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். அவள் டப்பாவை எடுத்து நீட்டப்போன நேரத்தில் போன் அடித்தது. ஒரே ஒரு நிமிசம் என்று விரலைக் காட்டிவிட்டு, கடைசித் தடவையாக மாட்டினாள். வீதி அடங்கியது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார் கொரியர்காரர், ஓடுகிற தறிகளைப் பார்த்துக்கொண்டே. வீதி தன் பாட்டுக்கு இருந்ததால் அவரும் அதைப் பெரிசுபடுத்தவில்லை.

"இன்னியோட இதத் திருப்பிக் குடுக்கறேனுங்க" என்றாள் மேனகா போனில்.

"ஏம்புள்ள, சவுண்டு நல்லா இல்லையா?"

நல்லாத்தான் இருக்குதுங்க, நீங்க போவாதீங்க மாமா, உங்களக் கண்ணுல பாத்து எத்தன நாளாச்சு, இனியா உங்கள போட்டோவுல பாத்தாத்தான் அப்பான்னு சொல்லுது, நேருல வந்தா ஓடி ஒளிஞ்சுக்குது, போவாதீங்க. இத்தனையையும் சொன்னாள். வாசலில் நின்ற சிந்தாமணி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், எதிர்ப் பட்டறையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அர்த்தநாரி அண்ணன் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பக்கம் மூச்சு போய் வந்தது.

கொரியர்காரர் தன் போனில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டார். "மேடம், காரணம் போடோணும். மைக்கு வேல செய்யலைன்னு போட்டரட்டுங்களா?"

"மைக்கு வேல செய்யுதுங்களே" என்றாள், பட்ஸின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"எங்கீங்க? நீங்க வாய வாய அசைக்கறீங்க, சத்தம் வரலீங்களே."

"அந்தப் பக்கம் போவலீங்களா?"

"அந்தப் பக்கத்த விடுங்க. நான் இங்க மூணடியில நிக்கறேன், எனக்கே வரல."

மேனகா சிந்தாமணி அக்காவைப் பார்த்தாள். "அக்கா, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"ஏங் கேக்காம? போவாதீங்கன்னு சொன்ன. திங்கக்கெழமைல இருந்து அதையேதான் சொல்ற. வீதிக்கே கேட்டுச்சே கண்ணு" என்றாள் சிந்தாமணி அக்கா, உதட்டால்.

வீதிக்கே கேட்டிருந்தது. வீதிக்குக் கண் இருந்தது. சோறுண்டாச்சா என்று கத்துவாள், சொசைட்டியில் சர்க்கரை போட்டார்கள் என்று கத்துவாள், அதெல்லாம் வெளியூர்க்காரர்களோடு பேசுகிற பேச்சு, தொண்டை வழியாகப் போகும். மனசுக்குள்ளிருந்து கிளம்புகிற பேச்சை அந்த வீதியில் யாரும் தொண்டை வழியாக அனுப்புவதில்லை, எதிரில் நிற்பவருக்கு மட்டும் உதட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஏழு வருசமாய் அவளும் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தாள், வாங்கிக்கொள்ள எதிரில் அவன் இல்லை என்பதை மறந்துவிட்டு. சத்தீஸ்கருக்குப் போகட்டுமா என்று அவன் முதல் தடவை போனில் கேட்டபோதும் அப்படித்தான் கொடுத்திருப்பாள்.

கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகளுக்குத் தொண்டைக்குள் வழி இல்லை, ஆடி மாசத்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற மாதிரி சருகையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு, கரகரத்து, உடைந்து வந்தது.

"போவாதீங்க மாமா."

வீதி திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஏழு வருசம் வாழ்ந்தவர்கள் அவள் மனசு பேசுகிற குரல் இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். இவ்வளவு தடித்த குரலாக இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அந்தப் பக்கமும் ரிக்குக்காரர்கள் கேட்டிருக்க வேண்டும், யாரோ ஒருவன் எதையோ கீழே வைக்கிற சத்தம் வந்தது.

"கேட்டுச்சு" என்றான் நல்லசிவம்.

அவள் பட்ஸைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"நேத்துக் காத்தாலயே பேர் குடுத்துட்டேன் புள்ள" என்றான். "பாஸ்போட்டயும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் இருக்குதுன்னீங்க."

"இருந்துச்சு. பழசுல பேசறப்ப நீ என்னமோ சொல்ற, எனக்குத்தான் கேக்கலைன்னு இருந்தேன். புதுசுல எல்லாம் கேட்டுச்சே. இனியா கொலுசு கேட்டுச்சு, டீக்கடைக்காரரு ஆத்தறது கேட்டுச்சு. நீ மட்டும் ஒண்ணுஞ் சொல்லல. நாலு நாளாக் கேட்டேன், ஒண்ணுஞ் சொல்லல. செரி, போறதுல உனக்கு வருத்தமில்லையாட்டருக்குதுன்னு..." அத்தனை தெளிவான சவுண்டு, அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டது, தாடி மயிர் கையில் உரசினது வரைக்கும் கேட்டது. "எனக்கும் யாராச்சும் வேண்டாங்கோணும்னு இருந்துச்சு" என்றான்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாமியார் பாப்பாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல், குரலோடேயே சொன்னாள். "நானும் அவங்கிட்ட இத்தன வருசமா வந்துரு சாமி வந்துரு சாமின்னு போன்ல இப்படித்தான் சொல்லிட்டிருந்தனாட்டருக்குது."

கொரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் போனைப் பார்த்தார். "மேடம், எனக்கு இன்னும் ஆறு எடம் இருக்குதுங்க. என்ன காரணம் போடட்டுங்க?"

"ஒண்ணும் போட வேண்டாமுங்க" என்றாள் மேனகா. "சவுண்டு நல்லா இருக்குது. நான் வெச்சுக்கறேன்."

அர்த்தநாரி அண்ணன் அங்கேதான் நின்றார். ஓட்டை லுங்கியைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆறு மணிக்கு அவருடைய பட்டறையில் அரை மணி நேரம் தறியை நிறுத்தினார், இரண்டு நாள் பார்த்துவிட்டு எதிர்ப் பட்டறைக்காரரும் நிறுத்தினார், வைகாசி பிறப்பதற்குள் வீதி முழுக்க அந்த அரை மணி நின்று ஓடுவதென்று ஆனது. துணிக்கும் சேதமில்லை, தறிக்கும் எண்ணெய் விட்ட மாதிரி ஆச்சு என்று கணக்குச் சொல்லிக்கொண்டார்கள். சனங்கள் அந்த அரை மணியில் வாசலுக்கு வந்து, தயங்கித் தயங்கிக் குரலில் பேசிப் பார்த்தார்கள். கட்டின பெண்டாட்டியின் குரலைக் கேட்டு வெட்கப்பட்ட ஆண்கள் உண்டு. ராகமில்லாமல் முனகுகிறவனை அவன் பெண்டாட்டி சத்தமாகவே திட்டினாள், அதில் அவளுக்கு அத்தனை சந்தோசம்.

நல்லசிவம் ஆனியில் கப்பல் மாதிரி ஒரு விமானத்தில் ஏறிப் போனான். போகிற வழியில் வீட்டுக்கு வர நாலு நாள் கொடுத்தார்கள், இனியா மூன்றாவது நாள்தான் அவன் மடிக்கு வந்தது. இப்போது ஆப்பிரிக்காவில் செம்மண் காட்டில் ஏதோ ஓர் ஊர், ஆறு மணிக்கு மேனகா பட்ஸை மாட்டினதும் அங்கே ரிக்கு ஓசையில்லாமல் ஓடும், அந்த ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவன் தமிழில் பேசுவதைச் சுற்றி நின்று கேட்பார்களாம். கொழம்பு கொதிக்கையில் ஞாபகம் வந்தது, ஓட்டில் எலி ஓடினபோது பயமாக இருந்தது, நீங்க இல்லாம எனக்கு நல்லா இல்ல, எல்லாவற்றையும் அவள் தொண்டை வழியாகவே சொல்கிறாள். கரகரப்பு போய்விட்டது. "கேட்டுச்சு" என்கிறான் அவன் ஒவ்வொன்றுக்கும்.

மற்ற வீதிப் பெண்கள் வந்து, பழசு வாங்கலாமா புதுசு வாங்கலாமா, சவுண்டு எது நல்லா இருக்கும் என்று அவளிடம் கேட்டுப் போகிறார்கள். "புதுசுதானுங்க. ஆனா வாயத் தொறக்கோணும்" என்கிறாள், சிரிப்போடு. அவர்களும் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

அவன் போனை வைக்கும்போது தறி மறுபடி ஓடத் தொடங்க இரண்டு நிமிசமோ மூன்று நிமிசமோ மீதி இருக்கும். வீதியில் அங்கங்கே பேச்சுக் குரல், ஒரு குழந்தை, ஒரு பாத்திரம். மேனகா நாலு தறிக்கு நடுவில் நின்று, கழற்றின பட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் குரலும் தறிச் சத்தமும் இல்லாத அந்த இரண்டு நிமிசத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அர்த்தநாரி அண்ணன் சுவிட்சைத் தட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.